பன்னிரண்டு வளையங்கள்

அத்தியாயம் பதினொன்று

ஐந்தரை மணிக்கு வைகுண்டராஜ் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். கொல்லையில் அடிகுழாயில் இரண்டு வாளி தண்ணீர் அடித்தான். பல் துலக்கினான். கண்ணாடியைச் சுவர் ஆணியில் மாட்டி முகம் மழித்தான். தாடையில் ஓரிடத்தில் கீறி ரத்தம் வந்தது. படிகாரத்தை வைத்து அழுத்தினான். நின்றது. குளித்தான். முந்தின நாள் பஸ்ஸில் அழுக்கான சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டான்.

நான்கு மாதமாக இதே வரிசைதான். திருவனந்தபுரத்துக் குவார்ட்டர்ஸிலும் இப்படித்தான், அல்லிநகரத்தில் மாமனார் வீட்டுக்கு வந்தாலும் இப்படித்தான். வரிசை மாறினால் நடுவில் கொஞ்சம் நேரம் மிஞ்சும். மிஞ்சும் நேரத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"சட்டைய ஏன் நீங்க தொவைக்கிறீக? போட்டு வச்சா நான் அலசிற மாட்டேனா?" காப்பி டம்ளரை நீட்டியபடி கேட்டாள் மாமியார் அன்னத்தாய்.

"பழகிருச்சு அத்தை."

"என்னத்தப் பழகுனீகளோ. தாடையில ரத்தங்கூட இன்னும் காயல."

அவள் முந்தானையால் துடைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையைத் தன் கண்ணுக்கே கொண்டுபோனாள்.

அவள் மகள் பவுனு கார்த்திகை மாதம் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தில் தங்கியிருந்தது. கல்யாணமாகி இரண்டரை வருஷம். பிள்ளை இல்லை. இருபத்தைந்து வயது.

வீட்டின் முன்பக்கம் பட்டறை. 'பவுனு இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று போர்டு. அவள் பிறந்த வருஷம் அவள் அப்பா குருசாமி ஒரே ஒரு பழைய லேத்தோடு தொடங்கியது. இப்போது ஐந்து ஓடுகின்றன. பஞ்சு மில் தண்டு, பம்ப் செட் புஷ், மேகமலை எஸ்டேட்டின் தேயிலை ரோலர் என்று எது உடைந்தாலும் இங்கேதான் வரும். அதெல்லாம் போதாதென்று போன வருஷம் குருசாமிக்கு ஓர் ஆசை வந்தது. திருவனந்தபுரத்து ராக்கெட் நிலையம் சில சாமான்களை வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்கப் போகிறது என்று பேப்பரில் பார்த்தார். தமிழில் ஒரு மனு எழுதினார். பவுனு அதை இங்கிலீஷில் எழுதினாள். எட்டு மாதம் கழித்து, அவள் போன பிறகு, பதில் வந்தது.

பன்னிரண்டு வளையங்கள். மாதிரிக்கு. லேசான மக்னீசியக் கலவை உலோகத்தை நிலையமே கொடுக்கும். கடைந்து தர வேண்டும். தேறினால் அடுத்து நூற்றிருபது. தேறாவிட்டால் பட்டியலில் இருந்து பேர் போய்விடும். வளையங்களை நிலையத்தின் சொந்தப் பட்டறையே முன்போலச் செய்துகொள்ளும்.

அந்த நிலையத்தில் வைகுண்டராஜ் தரப் பரிசோதகன். மாமனார் பட்டறை என்பதை எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டான். பரிசோதிக்க வேண்டியவர் வேறொருவர். அவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மேலதிகாரி இவனைக் கூப்பிட்டு, "மைக்ரோமீட்டருக்கு மாமனார் மச்சினன் கிடையாது. போயிட்டு வாங்க" என்றார்.

இன்றுதான் அந்தப் பரிசோதனை.

இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் குருசாமி தொடங்கினார். குங்குமப் பொட்டு, வெள்ளைச் சட்டை. வேலை நாளில் அவர் வெள்ளை போடுவதில்லை.

"மாப்பிள்ளை, ஒன்னு கேக்கேன், கோவிச்சுக்கிறாதீக. ஒங்க ஆபீஸ் பட்டறையில இந்த வளையம் ஒன்னு கடைய எத்தனை நாளு?"

"பேப்பர் எல்லாம் சேத்தா ஒரு மாசம் ஆகும் மாமா."

"பேப்பரு கடையவே இருவத்தஞ்சு நாளுன்னு சொல்லுங்க. நம்ம ஜெபமணி பன்னெண்டையும் பதினெட்டு நாள்ல எறக்கிட்டான். சந்திரன்ல எறங்குனானே அமெரிக்காக்காரன், அந்த வண்டிய அவுக சர்க்காரா செஞ்சுச்சு? கம்பெனிக்காரன் செஞ்சு குடுத்தான். இங்க மட்டும் தாலுகா ஆபீஸ் மாதிரி ராக்கெட்டையும் சர்க்காரே விடணுமாக்கும்."

"துட்டு சர்க்காரு துட்டு மாமா. விழுந்தா பார்லிமென்டுல பதில் சொல்றதும் சர்க்காருதான்."

"போன ஆடியில ஒங்க ராக்கெட்டு கெளம்பி அஞ்சே நிமிசத்துல கடல்ல விழுந்துச்சே. யாரு கடைஞ்ச சாமான்னு பேப்பர்ல வந்துச்சா? வராது. அங்க யாருக்கும் பேரு கெடையாது. இங்கன பாருங்க, எம் மக பேரே போர்டுல தொங்குது. என் சாமான் ஒன்னு சொத்தையாப் போச்சுன்னா கம்பத்துல இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் சிரிப்பான். அந்தப் பயம் உள்ளவன்தான் ஒழுங்காக் கடைவான்."

"பயம் இருந்தா மறைக்கவும் தோணும் மாமா."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீகளே!" குருசாமி சிரித்தார். "போடு அன்னம், இன்னும் ரெண்டு போடு. சர்க்காரு வயித்தக் காயப்போட்டா நமக்குத்தான் பாவம்."

பவுனு இருந்தவரை இந்த வழக்கில் அவள் அப்பா கட்சி. அம்மா எந்தக் கட்சியும் இல்லை. வழக்கு முடிவதற்குள் சட்டினி தீர்ந்துவிடும்.

குருசாமி குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் அவ வாக்கு மாப்பிள்ளை. 'எங்கப்பாவக் கைவிட்டுறாதீங்க'ன்னு ஒங்க கிட்டச் சொல்லிட்டுத்தான போனா. அதுக்கப்புறந்தான் ஆர்டரு வந்துச்சு. ஒங்களையே அனுப்பி வச்சிருக்கா பாருங்க."

வைகுண்டராஜ் இட்லியை விழுங்கினான். தண்ணீர் குடித்தான்.

அந்த வார்த்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் இவன் வாயிலிருந்து வந்தது. பதினாறாம் நாள் வந்தவர்களுக்கெல்லாம் குருசாமி அதைச் சொன்னார். பட்டறைக்கு வரும் லாரி டிரைவர்களுக்குச் சொன்னார். எழுந்திருக்க மாட்டேன் என்று கிடந்த அன்னத்தாய், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுந்து உலை வைத்தாள்.

பத்து மணிக்குப் பட்டறைக்குள் போனான்.

தலைமை டர்னர் ஜெபமணி கதவருகே காத்திருந்தார். ஐம்பது வயது. இந்தப் பட்டறையில் இருபது வருஷம்.

"காலையில மாப்பிள்ளை. பத்து மணிக்கு மேல சார்," என்றார். "வாங்க சார்."

மேசையில் புது வெள்ளைத் துணி விரித்திருந்தது. மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவில், எண்ணெய்த்தாளில் சுற்றி, நான்கு நான்காக மூன்று அடுக்கு. மடக்கிய கையகலம் இருக்கும் ஒவ்வொன்றும். எடுத்தால் வெறும் கையை எடுத்தது போல இருந்தது. அவ்வளவு லேசு.

வைகுண்டராஜ் அளந்தான். உள்விட்டம், வெளிவிட்டம், கனம். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இடம். எழுதினான். ஜெபமணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டும் அளவில் நின்றன. நின்றன என்பது போதாது. நிலையத்துப் பட்டறையில் இவ்வளவு சுத்தமாக வந்து இவன் பார்த்ததில்லை.

"எப்படிங்க?" என்றான். பரிசோதகன் என்பதை மறந்து கேட்டுவிட்டான்.

"மதியம் ரெண்டு மணிக்கு மேல தொடமாட்டேன் சார். வெயில்ல மிஷினு கொஞ்சம் வளரும். விடியக்காலம் மட்டுந்தான் கடைசி வெட்டு."

குருசாமி தன் மேசையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளையைப் போல ஒரு நோட்டைப் புரட்டினார். நோட்டு தலைகீழாக இருந்தது.

மிச்சம் ஒரு சோதனை. கண்ணால் பார்ப்பது. வைகுண்டராஜ் பூதக்கண்ணாடியை எடுத்தான்.

மேல் அடுக்கில் முதல் வளையம். உள்பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. நகத்தால் தடவினான். வழவழப்பு இல்லை. கண்ணாடியை நெருக்கினான். ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடியாகக் குழிகள். குழிகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு.

அடுத்தது. அதிலும் இருந்தது. மூன்றாவதில் இல்லை. நான்காவதில் இருந்தது. நடு அடுக்கில் ஒன்றில், ஒரு கோடு போல வழிந்து இறங்கியிருந்தது.

நான்கு வளையங்கள்.

"ஜெபமணி, இதுல ஏதாவது பட்டுச்சா? தண்ணி, கூலன்ட்டு?"

"இல்ல சார். பேப்பர்ல போட்டிருந்தபடி காய்ஞ்ச வெட்டுதான். சொட்டுத் தண்ணி கிட்டக் கொண்டுபோகல." கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. 

அந்த நேரத்தில்தான் அன்னத்தாய் மோர் கொண்டுவந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, செவப்பாத் தெரியுதா? அது குங்குமந்தான். தொடைச்சுத்தான் வச்சேன். பள்ளத்துல இருந்துருக்கும்."

"குங்குமமா அத்தை?"

"பின்ன? மொத மொதல்ல ராக்கெட்டுக்குன்னு பட்டறைய விட்டுப் போற சாமானு. சும்மாவா அனுப்புறது? பவுனு படத்துக்கு முன்னால வச்சு, அவ பேரச் சொல்லி எலுமிச்சம்பழத்த அறுத்துக் குங்குமம் தடவிப் புழிஞ்சேன். எட்டு நாளாச்சு. நல்ல சாறுள்ள பழம். ஒரே பழம் அம்புட்டுக்கும் வந்துச்சு."

 அன்னத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். டம்ளர்களை மேசையில் வைத்தாள். "மோரு புளிச்சிறப் போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

புது லேத் இறங்கினால் எலுமிச்சம்பழம். லாரி வாங்கினால் எலுமிச்சம்பழம். கடைந்த மில் தண்டு முதல்முதல் வாசல் தாண்டினால் எலுமிச்சம்பழம். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பட்டறையில் அப்படித்தான். இரும்புக்கு ஒன்றும் ஆனதில்லை. எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மக்னீசியத்துக்கு எலுமிச்சைச் சாறு திராவகம்.

"நீங்க பாக்கலையா?" என்று ஜெபமணியிடம் கேட்டான்.

ஜெபமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேதக்காரன் சார், சர்ச்சுக்குப் போறவன். முதலாளி வீட்டுல பழம் எடுத்தாகன்னா நான் டீக்கடைக்குப் போயிருவேன். இருவது வருசமா அப்படித்தான். அவுகளுக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் சங்கடம் இல்ல. நான் திரும்பி வந்தப்ப பெட்டி கட்டியாச்சு." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள நின்னுருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன் சார்."

குருசாமி எழுந்து வந்தார். ஒரு வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"எமரித்தாளு போட்டா இந்தக் கறை போயிறாதா?"

"கறை போயிரும் மாமா. குழி போகாது. ராக்கெட்டு கெளம்பயில கிடுகிடுன்னு ஆடும். அந்தக் குழியிலதான் வெடிப்பு ஆரம்பிக்கும்."

"அளவு சரியா இருக்குன்னீகளே."

"அளவு அருமையா இருக்கு மாமா. இதைவிட நல்லா நான் பார்த்ததில்ல."

"அப்ப எட்டு நல்லா இருக்குல்ல? எட்டுக்கு எழுதுங்க. நாலு கொறையுதுன்னு போடுங்க."

"ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வச்சிருந்துச்சு. எதுல சாறு எறங்கல, எதுல இனிமேப் பூக்கும்னு யாரு சொல்றது?"

"ஏன், நீங்க உடைக்கிறதில்லையா தேங்கா? ராக்கெட்டு விடையில?"

"உடைப்பாங்க மாமா. தரையில."

ஜெபமணி மெல்ல வாயைத் திறந்தார். "சார், கொடுத்த கட்டியில அஞ்சு மிச்சம் இருக்கு. ஒரு வாரம் டயம் கொடுத்தா அந்த நாலையாவது..."

வைகுண்டராஜ் பரிசோதனைப் படிவத்தை எடுத்தான். மிச்ச உலோகத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அதைக் கடையலாமா என்று விதியில் எங்கும் இல்லை. கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் மாமனாருக்காகக் கேட்கிறான் என்பார்கள். உண்மையும் அதுதான்.

"ஜெபமணி," என்றார் குருசாமி, "நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வாய்யா."

ஜெபமணி போனார். இந்த முறை போக மனமில்லாமல் போனார்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஏற்கலாம். ஏற்க இயலாது. கீழே காரணத்துக்கு நான்கு வரி இடம். வைகுண்டராஜ் பேனாவைத் திறந்தான். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டான்.  

காரணத்துக்கான முதல் வரியில் பேனா நின்றது.

குருசாமி அந்தக் குறியைப் பார்த்தார். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"என்ன எழுதப் போறீக? எம் பொண்டாட்டி பண்ணுன வேலைன்னா? தெரிஞ்சா அவ உசுரோட இருப்பான்னு நெனைக்கிறீகளா? இப்பத்தான் ஒரு வா சோறு திங்கிறா."

"பேரு எழுத மாட்டேன் மாமா. அமிலம் பட்டதுன்னு எழுதுவேன்."

"எதுன்னாலும் தள்ளியாச்சு."

"தள்ளியாச்சு."

"காலையில கேட்டேனே, பேரு உள்ளவன் பேரு இல்லாதவன்னு. நான் சொன்னது நெசமாப் போச்சு பாருங்க. ஒங்களுக்கு ஒரு குறி. போட்டுட்டுப் பஸ்ஸேறிருவீக. எம் மக பேரு அங்க ஏதோ ஒரு பேப்பர்ல சொத்தைன்னு கெடக்கும்." பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவ சாகையில என்ன சொன்னா மாப்பிள்ளை? எங்கப்பாவக் கைவிட்டுறாதீங்கன்னு சொன்னாளா இல்லையா? நாலு மாசத்துல மறந்துட்டீக. வேற ஒன்னும் வேணாம். அவ வாக்குக்காக அந்தக் குறிய அடிங்க. நான் எமரி போட்டு, பவுடர் போட்டு, ராத்திரி பகலா ஒக்காந்து..."

"அவ அப்படிச் சொல்லல மாமா."

குருசாமி நிறுத்தினார்.

"கைவிட்டுறாதீங்கன்னு அவ சொல்லல. நான் சொன்னது அது. வராந்தாவுல அத்தை எஞ்சட்டையப் பிடிச்சுக்கிட்டு, என்ன சொன்னா, என்ன சொன்னான்னு கேட்டாக. வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

மாமனார் மெல்ல, கையால் தடவிப் பார்த்து, வளையப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். வைக்கோல் நசுங்கியது.

"பொய்யா?"

"ஆமா மாமா."

"ஊர்பூராச் சொன்னேனேய்யா." அதுவரை ஒரு நாளும் அவர் இவனை அப்படி ஒருமையில் கூப்பிட்டதில்லை.

காலி டம்ளர் எடுக்க வந்த அன்னத்தாய் வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மோர் தொடாமல் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. வளையங்களையும் பார்க்கவில்லை.

"ஒங்க வழக்க நீங்க அப்பறம் பேசிக்கங்க," என்றாள். "எம் பிள்ளை என்ன சொன்னா?"

"அது ஒன்னுமில்லாத பேச்சு அத்தை."

"ஒன்னுமில்லாததா இருந்தா என்ன? அவ வாயில வந்ததுல்ல. எனக்கு வேணும்."

வைகுண்டராஜ் பேனாவை மூடினான். அவள் முகத்தைப் பார்க்காமல், மேசைத் துணியைப் பார்த்துச் சொன்னான். பரிசோதனை அறிக்கை வாசிப்பது போல வரிசையாகச் சொன்னான்.

அன்று சாயங்காலம் மூச்சு சீராக இருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவள் மூன்று தடவை போகச் சொன்னாள். இவன் போகவில்லை. நாற்காலியை இன்னும் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டான். நாலாவது தடவை அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும். அவள் சிரித்ததால்தான் இவன் எழுந்தான். கேன்டீனில் இரண்டு தோசை சாப்பிட்டான். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியிருந்தார்கள்.

"சிரிச்சுக்கிட்டா சொன்னா?" என்று அன்னத்தாய் கேட்டாள்.

"ஆமா அத்தை."

"என்னன்னு?"

"'போயி சாப்பிட்டு வாங்க. அஞ்சு நிமிசத்துல விழுகுறதுக்கு நான் என்ன ஒங்க சர்க்காரு ராக்கெட்டா?'"